கருவி பிடித்த கழுகு
(இறுதியாண்டு மாணவர், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



"டிப்ளமோ படிக்கிறவனுக்கும் பறவைக்கும் என்னய்யா சம்பந்தம்? கிர்ச்சாஃப் விதியைப் படிக்கவே நேரம் போதலை, அரியர் வேற பாக்கி இருக்கு" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முடிவதற்குள் இன்சுலேட்டர், கிராஸ் ஆர்ம், எர்த்திங் எல்லாம் வந்துவிடும். நாம் நாளைக்குப் பார்க்கப்போகிற வேலைக்கும் இந்தப் பறவையின் உயிருக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆண்டு மலரில் இந்தச் சில பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

பெயரில் நம்ம ஊர்!

பறவையின் பெயர் மஞ்சள்முகப் பாறு. வெள்ளைக் கழுகு என்றும் சொல்வார்கள். 'பாறு' என்பது சங்க காலத்திலிருந்தே தமிழில் இருக்கும் சொல். செத்த உடலைத் தின்று வாழும் பறவைக்கு அந்தப் பெயர். வேட்டையாடித் தின்னும் பறவையையும் பிணம் தின்னும் பறவையையும் சேர்த்துக் 'கழுகு' என்றே நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இது இரண்டாவது வகை. உயிரோடு ஓடுகிற ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வேலையெல்லாம் இதற்குத் தெரியாது.

இங்கிலீஷ்காரர்கள் இதை 'எகிப்தியக் கழுகு' என்கிறார்கள். ஆனால் இந்தியாவில் நிலையாக வாழும் வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரைப் பாருங்கள்: நியோஃப்ரான் பெர்க்னாப்டெரஸ் ஜின்ஜினியானஸ். வாயில் நுழையவில்லையா? கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜின்ஜி என்றால் ஜிஞ்சி, அதாவது நம்ம செஞ்சி! ராஜா தேசிங்கு ஆண்ட அதே செஞ்சிதான். சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி இந்தியாவுக்கு வந்து போய் 1782-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் 'செஞ்சிக் கழுகு' என்று இந்தப் பறவையை வர்ணித்திருந்தார். அதை வைத்து லேதம் என்ற ஆங்கிலேயர் 1790-ல் லத்தீன் பெயர் சூட்டினார். இருநூறு வருஷத்துக்கு மேலாக உலகப் பறவைப் பட்டியலில் நம்ம விழுப்புரம் மாவட்டத்து ஊர்ப் பெயர் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆள் எப்படி?

நம் நாட்டில் ஒன்பது வகைப் பாறுகள் உண்டு. அதில் இதுதான் சின்னது. எடை சுமார் இரண்டு கிலோ. ஆனால் சிறகை விரித்தால் ஐந்து அடிக்கு மேல் இருக்கும். இந்த ஐந்து அடியை மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உடம்பு அழுக்கு வெள்ளை. சிறகின் ஓரம் கறுப்பு. கழுத்தைச் சுற்றிக் கலைந்த தலைமுடி மாதிரி இறகுகள். முகம் மட்டும் முடியில்லாமல் பளிச்சென்று மஞ்சள். குஞ்சாக இருக்கும்போது உடம்பு முழுக்கப் பழுப்பு நிறம். முழுசாக வெள்ளை ஆவதற்கு ஐந்து வருஷம் ஆகும்.

அந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சாப்பாட்டு நேரமாக இருந்தால் அடுத்த இரண்டு வரியைத் தாண்டிப் படியுங்கள். மாட்டுச் சாணத்திலிருந்து! சாணத்தில் இருக்கும் மஞ்சள் நிறமிகளைத் தின்றுதான் முகத்தை மினுக்கிக்கொள்கிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். நாம் பவுடர் பூசுகிறோம், அது சாணி தின்கிறது. இரண்டும் அழகுக்குத்தான்!

பாறைப் பொந்திலும் பழைய கோட்டைச் சுவரிலும் கூடு கட்டும். வழக்கமாக இரண்டு முட்டை. ஆறு வாரம் அடைகாக்கும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும், முறை வைத்துக் குஞ்சுக்கு இரை கொண்டுவரும்.

ஒர்க் ஷாப் போகாத மெக்கானிக்

1966-ல் ஜேன் குடாலும் அவருடைய கணவர் ஹ்யூகோ வான் லாவிக்கும் ஆப்பிரிக்காவில் தாங்கள் பார்த்த ஒரு விஷயத்தை 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார்கள். தான்சானியா நாட்டில் நெருப்புக்கோழி முட்டையை இந்தக் கழுகு கல்லால் அடித்து உடைக்கிறது!

நெருப்புக்கோழி முட்டை ஒன்று கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ எடை. இரண்டு டஜன் கோழிமுட்டைக்குச் சமம். ஓடு மாவுபோல நொறுங்குகிற சமாச்சாரம் இல்லை, பீங்கான் மாதிரி கெட்டி. அலகால் கொத்தினால் ஒன்றும் ஆகாது. கழுகு என்ன செய்யும்? சுற்றுவட்டாரத்தில் தேடி ஒரு கல்லைப் பொறுக்கும். கூரான கல்லைவிட உருண்டைக் கல்லைத்தான் விரும்பும். முட்டைக்கு முன்னால் வந்து நின்று, தலையை மேலே தூக்கி, கல்லை முட்டை மேல் வீசும். குறி தவறினால் மறுபடி எடுத்து வீசும். ஓடு விரிசல் விடுகிற வரைக்கும் விடாது. பலமுறை குறி தவறினாலும் அலுத்துக்கொள்ளாது.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மற்ற கழுகுகளைப் பார்க்காமல் மனிதர் கையில் தனியாக வளர்ந்த குஞ்சுகளும் பெரிதானதும் இதே மாதிரி கல்லை எடுத்து எறிந்தன. அப்படியானால் பிறவியிலேயே வந்த அறிவு! பல்கேரியாவில் இன்னொரு கூத்து. கூட்டுக்குள் மெத்தை போட ஆட்டுரோமம் வேண்டும். ஒரு குச்சியை அலகில் பிடித்து, ரோமத்தை அதில் சுற்றிச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது அங்கே ஒரு கழுகு. நம்ம வைண்டிங் லேபில் சேர்த்துக்கொள்ளலாம்!

கருவி பிடிக்கத் தெரிந்த பறவைகள் உலகத்திலேயே மிகச் சில. அதில் ஒன்று நம்ம செஞ்சிப் பெயர்க்காரர்.

எகிப்தில் எழுத்து, கழுக்குன்றத்தில் முனிவர்

பழைய எகிப்தியர்கள் சித்திர எழுத்தில் ஓர் ஒலியைக் குறிக்க இந்தக் கழுகின் உருவத்தையே எழுத்தாக வைத்தார்கள். இன்றைக்கு அந்தச் சித்திர எழுத்தைப் படிக்கப் போகிறவர்களுக்கு எழுத்துப் பட்டியலில் முதலில் வருவது இந்தக் கழுகுதான். நமக்கு 'அ' மாதிரி. ஊரை நாறவிடாமல் காக்கும் பறவை என்று அங்கே அதற்கு மதிப்பு. ஐரோப்பியர்கள் இதற்குப் 'பரோவின் கோழி' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். பரோ என்றால் எகிப்து மன்னர்.

நம் பக்கம் வருவோம். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். கழுகுக் குன்றம் என்பதுதான் ஊரின் பெயர். சம்பந்தரும் அப்பரும் இந்தக் குன்றைப் பாடியிருக்கிறார்கள். அதனால் ஆயிரத்து முந்நூறு வருஷமாவது இந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது. பட்சி தீர்த்தம் என்பது இன்னொரு பெயர்.

மலைமேல் வேதகிரீஸ்வரர் கோயிலில் தினமும் உச்சிப் பொழுதில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து இறங்கும். அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கல் வைப்பார். தின்றுவிட்டுப் பறந்துவிடும். சாபம் பெற்ற எட்டு முனிவர்கள் யுகத்துக்கு இரண்டு பேராகக் கழுகு உருவில் வந்து பூசை செய்கிறார்கள், இந்தக் கலியுகத்துக்கு உரிய இரண்டு பேர்தான் இவர்கள் என்பது தலபுராணக் கதை. காலையில் காசியில் குளித்து, மத்தியானம் இங்கே சாப்பிட்டு, ராமேஸ்வரத்துக்குப் போய்விடும் என்றும் சொல்வார்கள். நம்ம தாத்தா பாட்டிமார் பல பேர் படியேறிப் போய்க் கண்ணால் பார்த்தவர்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பக்தியைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. ஆனால் பறவையின் குணத்தையும் தெரிந்துகொண்டால் அந்தக் காட்சி இன்னும் அழகாகிறது. வெள்ளைக் கழுகு ஜோடியாக வாழும். தன் பாறையையும் சுற்றுவட்டாரத்தையும் விட்டு அவ்வளவு சுலபத்தில் போகாது. அடுத்த ஜோடியைப் பக்கத்தில் அண்டவிடாது. குறிப்பிட்ட நேரத்தில் இரை கிடைக்கிறது என்றால் கடிகாரம் மாதிரி வரும். இறைச்சி மட்டும்தான் என்று பிடிவாதமும் கிடையாது. எப்போதும் இரண்டே இரண்டு வந்ததற்கும், பொங்கலைத் தின்றதற்கும் இதெல்லாம் பொருந்திப்போகிறது. ஒரு ஜோடி போனால் அடுத்த ஜோடி. அப்படித் தலைமுறை தலைமுறையாக மனுஷனும் பறவையும் காப்பாற்றிய ஓர் ஒப்பந்தம் அது.

அந்த ஒப்பந்தம் 1990-களில் முறிந்தது. கழுகுகள் வருவது நின்றுபோனது. "கலி முத்திப்போச்சு, அதான் வரலை" என்றார்கள் பெரியவர்கள். ஆனால் காணாமல் போனது அந்தக் குன்றின் இரண்டு கழுகுகள் மட்டும் அல்ல. அதே வருஷங்களில் இந்தியா முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்துகொண்டிருந்தன.

ஊசியில் வந்த எமன்

மாட்டுக்கு மடிவீக்கம், மூட்டுவலி என்றால் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தை ஊசியாகப் போடுவது 1990-களில் பரவியது. விலை மலிவு, வலி உடனே போகும். குறை சொல்ல என்ன இருக்கிறது? ஊசி போட்ட சில நாளில் அந்த மாடு செத்துப்போனால், அதன் கறியில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு மாதிரி படிந்து, சில நாளில் சாவு.

இதுதான் காரணம் என்று 2004-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியான ஆய்வு நிரூபித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொன்ன விஷயம் இன்னும் பயங்கரம். நூறு மாட்டுச் சடலத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இந்த அழிவு வந்துவிடும். ஏனென்றால் ஒரு மாட்டைத் தின்ன ஒரே நேரத்தில் பத்துக் கணக்கில் பாறுகள் கூடும். வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்கிற அளவுக்குக் குறைந்துபோனது. நம்ம வெள்ளைக் கழுகு 1999-க்கும் 2003-க்கும் இடையில் மட்டும் நூற்றுக்கு எண்பது குறைந்தது. 2007-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் ஆபத்தில் இருக்கும் இனமாக அறிவித்தது.

"கழுகு போனா போகட்டுமே" என்று சொல்ல முடியாது. பாறுகள் தின்ன வேண்டிய சடலங்களை நாய்கள் தின்றன. நாய்கள் பெருகின. வெறிநாய்க்கடியும் அசுத்தத் தண்ணீரால் வரும் நோயும் கூடின. பாறுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று 2024-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. கூலி வாங்காத துப்புரவுத் தொழிலாளியை வேலையை விட்டுத் துரத்தியதற்கு நாம் கொடுத்த விலை அது.

2006-ல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதை மத்திய அரசு தடை செய்தது. தடைக்குப் பிறகும் மனுஷருக்கென்று விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அந்தக் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். ஒரு மனுஷருக்கு ஒரு வேளைக்கு அது போதும், மாட்டுக்குப் பத்தாது! 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற இரண்டு மருந்துகளையும் மாட்டுக்குப் போடத் தடை வந்தது. மெலாக்சிகாம் என்ற மருந்து மாட்டின் வலியையும் போக்கும், பாறையும் கொல்லாது. வீட்டில் மாடு வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பெயரை அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

31 கிலோமீட்டர் லைன்

இப்போது நம்ம டிபார்ட்மெண்ட் சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

ஐரோப்பாவிலும் துருக்கியிலும் கோடையில் கூடு கட்டும் வெள்ளைக் கழுகுகள் குளிர்காலத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து ஆப்பிரிக்கா போகும். சூடான் நாட்டில் செங்கடல் ஓரம் போர்ட் சூடான் என்ற ஊர். அங்கே 1950-களில் 31 கிலோமீட்டருக்கு ஒரு மின்பாதை போட்டார்கள். வெட்ட வெளி, மரமே இல்லை. களைத்து வந்த கழுகுகளுக்கு உட்கார உயரமான இடம் கிடைத்தது. எது? மின்கம்பம்!

உட்கார்ந்தவை கருகி விழுந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் இது நடந்தது. நூற்றுக்கணக்கில், ஒருவேளை ஆயிரக்கணக்கில் இந்த ஒரே லைன் கழுகுகளைக் கொன்றிருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். லைன் போட்ட இன்ஜினியர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கழுகு மேல் கோபமும் இல்லை. டிராயிங்கில் கழுகு இல்லை, அவ்வளவுதான். கடைசியில் 2014-ல் அந்த லைனை நிறுத்திவிட்டு, பறவைக்கு ஆபத்தில்லாத லைனுக்கு மாற்றினார்கள்.

ஏன் ஷாக் அடிக்கிறது?

வைவாவில் கேட்கிற பழைய கேள்வி ஒன்று: கம்பியில் உட்காரும் காக்காய்க்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை? இரண்டு காலும் ஒரே கம்பியில், பொட்டன்ஷியல் வித்தியாசம் இல்லை, கரெண்ட் ஓடாது. சரி. அப்படியானால் கழுகுக்கு மட்டும் ஏன்?

நம்ம ஊர் 11 கே.வி. கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கிராஸ் ஆர்ம், எர்த் செய்தது. அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் பின் இன்சுலேட்டர், அதன் தலையில் கண்டக்டர். கிராஸ் ஆர்முக்கும் கண்டக்டருக்கும் இடைவெளி ஒரு முழம்கூட இராது. கழுகு கம்பியில் உட்காராது, அதன் பாதத்துக்கு வசதியான கிராஸ் ஆர்மில்தான் உட்காரும். கால் எர்த்தில். பறக்க எழும்போது சிறகை விரிக்கும். ஐந்து அடியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான். சிறகு கண்டக்டரைத் தொட்டால் ஃபேஸ் டு எர்த். இரண்டு சிறகும் இரண்டு கம்பியைத் தொட்டால் ஃபேஸ் டு ஃபேஸ். காய்ந்த இறகு அவ்வளவாக மின்சாரத்தைக் கடத்தாது, மழையில் நனைந்த இறகு கடத்தும்.

இதில் இன்னொரு வேடிக்கை. 110 கே.வி., 230 கே.வி. என்று பெரிய டவர் லைன்கள் ஷாக் விஷயத்தில் ஆபத்துக் குறைவு. அங்கே இடைவெளியே பல அடி. கொல்வது ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் ஓடும் சின்ன லைன்கள்தான். டபுள் போல் ஸ்ட்ரக்சர், டிரான்ஸ்ஃபார்மர் கம்பம், ஜம்பர் ஒயர் கிராஸ் ஆர்முக்கு மேலே வளைந்து போகும் இடம், இவை ரொம்ப மோசம். ராஜஸ்தானில் பிகானேர் பக்கத்து ஜோர்பீரில் மாட்டுச் சடலம் போடும் மைதானம் உண்டு. குளிர்காலத்தில் வெள்ளைக் கழுகுகள் அங்கே கூட்டமாக வரும். அந்த மாதிரி இடத்தில் சாதாரண 11 கே.வி. கம்பம் ஒன்று எவ்வளவு கெடுதல் செய்யும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்ம கையில் என்ன இருக்கிறது?

மருந்து தெரியாத நோய் இல்லை இது. பாறு வாழும் இடத்தில் புது லைன் போடும்போது, விரிந்த சிறகு எட்டாத அளவுக்கு இடைவெளி வைக்கலாம். பின் இன்சுலேட்டருக்குப் பதிலாகக் கிராஸ் ஆர்முக்குக் கீழே தொங்கும் டிஸ்க் இன்சுலேட்டர் போட்டால் பறவை மேலே, கம்பி கீழே, ஆபத்துக் குறையும். ஜம்பரைக் கிராஸ் ஆர்முக்கு அடியில் கொண்டுபோகலாம். பழைய லைனில் கம்பத்தின் இரண்டு பக்கமும் கண்டக்டருக்கு இன்சுலேஷன் உறை மாட்டலாம். முக்கியமான இடத்தில் கவர்டு கண்டக்டரோ கேபிளோ போடலாம். இதனால் மின்வாரியத்துக்கும் லாபம்தான். பறவை அடிபட்டால் ஃபீடர் டிரிப் ஆகிறது, ஃபியூஸ் போகிறது, ஊர் இருளில் கிடக்கிறது, ராத்திரியில் கம்பம் ஏறப்போவது நம்மில் ஒருவன்!

தமிழ்நாட்டில் பாறுகள் இன்றைக்கும் தாக்குப்பிடிக்கும் முக்கியமான இடம் நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, நம்ம மஞ்சள்முகப் பாறு என்று நாலு வகையும் அங்கே உண்டு. நாளைக்கு நம்மில் யாராவது அந்தப் பக்கம் லைன் வேலைக்குப் போகலாம். எஸ்டிமேட் போடும்போது ஒரு உறைக்கு, ஒரு டிஸ்க் இன்சுலேட்டருக்கு ஒரு வரி எழுதலாம். மேலதிகாரி "எதுக்குப்பா இது?" என்று கேட்டால் சொல்ல இனி நமக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நண்பர்களே, இந்தக் கதையில் கழுகைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. மாட்டின் வலி தீர ஊசி போட்டார்கள், ஊருக்கு வெளிச்சம் வர லைன் இழுத்தார்கள். இரண்டும் நல்ல காரியம். கொன்றது ஒரு குப்பி மருந்தும் ஒரு முழ இடைவெளியும். அவற்றைத் திருத்தியதும் மனுஷர்தான்: குப்பியைச் சின்னதாக்கினார்கள், லைனை மாற்றினார்கள். தியரி படித்துவிட்டுக் கையால் வேலை செய்யப்போகிற நமக்கு இதைவிட நல்ல பாடம் எந்த செமஸ்டரில் கிடைக்கும்? கல்லைப் பொறுக்கும்போதுகூட உருண்டையாகப் பார்த்துப் பொறுக்குகிறது அந்தக் கழுகு. ஸ்பேனரும் பிளையரும் பிடிக்கிற நாமும் அந்த அளவு கவனத்தோடு வேலை செய்வோம்!

வாழ்க பாறுகள்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!